பலாக்ரூஜா: நடுக்கடல் கலங்கரை விளக்கத்தில் தங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

ஏட்ரியாட்டிக் கடலின் நடுவே, குரோஷியாவுக்குச் சொந்தமான ஒரு சின்னத் தீவுக்கூட்டம் இருக்கிறது. பெயர் பலாக்ரூஜா. ஸ்ப்லிட் நகரத்துக்குத் தெற்கே 68 கடல் மைல், அதாவது சுமார் 125 கிலோமீட்டர். குரோஷியாவின் பெருநிலத்தைவிட இத்தாலியக் கரைதான் இதற்குப் பக்கம். இதில் பெரிய தீவின் நீளமே 1.4 கிலோமீட்டர், அகலம் அதிகம் போனால் 330 மீட்டர். ஊர் கிடையாது, கடை கிடையாது, துறைமுகம் கிடையாது. பாறை முகட்டின்மேல், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 90 மீட்டர் உயரத்தில், 1875இல் ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு கட்டிய கலங்கரை விளக்கம் மட்டும் நிற்கிறது. அதன் ஒளி 26 கடல் மைல் தூரம் எட்டும். விளக்கைப் பராமரிக்கும் காவலர்கள் முறைவைத்து அங்கே வந்து வாழ்கிறார்கள். அவர்களுடைய குடும்பங்கள் ஒரு காலத்தில் குடியிருந்த அறைகளின் ஒரு பகுதியைத்தான் பயணிகள் தங்கும் வீடாக மாற்றியிருக்கிறார்கள்.

இங்கே தங்க விரும்புகிறவர்கள் முதலில் மனதில் ஏற்ற வேண்டியது ஒன்றுதான். போகும் நாளையும் திரும்பும் நாளையும் கடல் முடிவு செய்யும், நாட்காட்டி அல்ல. பயணச் சீட்டு, சாப்பாடு, தண்ணீர், விசா, மருந்து என்று கீழே நான் சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பதுதான். இதை ஏற்றுக்கொண்டு போகிறவர்களுக்கு ஐரோப்பாவில் இதற்கு ஈடான இடம் குறைவு என்றே சொல்வேன்.

முதல் படி: எந்தக் கலங்கரை விளக்கம்?

குரோஷியாவில் கலங்கரை விளக்கங்களைக் கவனிப்பது ப்ளோவ்புட் என்னும் அரசு நிறுவனம். விளக்குகள் தானியங்கியாக மாறிய பிறகு காவலர் குடியிருப்புகள் காலியாகத் தொடங்கின. பூட்டிவைத்தால் உப்புக்காற்றில் கல்லும் மரமும் வீணாகிவிடும். அதனால் சில கட்டடங்களைச் சீரமைத்து வாடகைக்கு விடுகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு பட்டியல் மாறும். ஒன்று பழுதுபார்ப்புக்குப் போகும், இன்னொன்று நீண்டகாலக் குத்தகைக்குப் போகும். எனவே நீங்கள் போக நினைக்கும் ஆண்டில் எது திறந்திருக்கிறது என்று அந்த நிறுவனத்திடமோ, அதன் சார்பில் பதிவு செய்யும் முகவர்களிடமோ கேட்டு உறுதி செய்வதுதான் தொடக்கம்.

பலாக்ரூஜாதான் இவற்றில் மிகத் தொலைவானது. தனிமையை முதல்முறை பழகுகிறவர்கள், சிறு குழந்தைகளோ வயதான பெற்றோரோ உடன் வருகிறவர்கள் நேராக அங்கே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லாஸ்தோவோ தீவில் 1839இல் கட்டிய ஸ்ட்ரூகா விளக்கம் இருக்கிறது. தீவு வரை பெரிய பயணிகள் கப்பல், அங்கிருந்து விளக்கம் வரை சாலை. ஊர் பக்கத்தில் இருக்கும், ஆனால் பாறை விளிம்பில் தூங்கும் உணர்வு கிடைக்கும். இஸ்திரியாவின் தென்முனைக்கு எதிரே, 1833இல் கட்டிய போரெர், சுமார் 80 மீட்டர் அகலமே உள்ள பாறைத்திட்டு. சுற்றிலும் கடல், ஆனால் கரை கண்ணுக்குத் தெரியும், சிறு படகில் சீக்கிரம் போய்விடலாம். ரொவின்ய் ஊருக்கு எதிரே 1853இன் ஸ்வேட்டி இவான், ஹ்வார் தீவுக்கும் கோர்ச்சுலா தீவுக்கும் நடுவே 1887இன் ப்ளோச்சிட்சா ஆகியவையும் இதே மாதிரி நடுத்தர வகை. இவற்றில் ஒன்றில் நாலு நாள் இருந்து பார்த்து, கரைக்குத் திரும்ப மனமில்லாமல் போனால், பலாக்ரூஜா உங்களுக்குத்தான்.

இரண்டாம் படி: மாதத்தையும் காற்றையும் பாருங்கள்

நம் கடற்கரையில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பதுபோல, ஏட்ரியாட்டிக் கரையிலும் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பூரா, வடகிழக்கு மலைகளிலிருந்து இறங்கும் குளிர்ந்த வறண்ட காற்று. திடீரென்று வீசும், குளிர்காலத்தில் கொடூரமாக இருக்கும். யூகோ, தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று. மெல்ல ஏறி, இரண்டு மூன்று நாள் விடாமல் வீசி, பெரிய அலைகளைத் திரட்டும். பலாக்ரூஜா திறந்த கடலில் இருப்பதால் யூகோதான் படகுக்காரர்கள் அஞ்சும் காற்று. மூன்றாவது மாயெஸ்த்ரால், கோடைக்காலத்தில் பகலில் வடமேற்கிலிருந்து வரும் இதமான காற்று, மாலையில் அடங்கிவிடும்.

ஜூன் மாதமும் செப்டம்பரின் முதல் பாதியும்தான் நான் பரிந்துரைக்கும் காலம். ஜூலை, ஆகஸ்டில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும், ஆனால் தீவில் மர நிழல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வெள்ளைப் பாறையில் பட்டுத் திரும்பும் வெயில் நம் ஊர்க்காரர்களையே வாட்டும். அக்டோபருக்குப் பிறகு யூகோ அடிக்கடி வரும். ஒரு வாரம் மூன்று வாரமாக நீளும் ஆபத்தை ஏற்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டுமே அது.

இன்னொரு கணக்கும் உண்டு. அமாவாசை ஒட்டிய வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். காரணத்தை இரவைப் பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

மூன்றாம் படி: ஆள் சேருங்கள், பிறகு பதிவு செய்யுங்கள்

தொலைதூர விளக்கங்களை வழக்கமாக வாரக் கணக்கில்தான் தருவார்கள். செலவு இரண்டு பகுதி: வீட்டு வாடகை ஒன்று, படகு இன்னொன்று. படகைப் போய்வர முழுவதுமாக வாடகைக்கு எடுக்க வேண்டும், இரண்டு பேர் போனாலும் நான்கு பேர் போனாலும் தொகை ஒன்றே. அதனால் நான்கு பேர் சேர்வது புத்திசாலித்தனம். ஒருவருக்கொருவர் ஒரு வாரம் சலிக்காத நான்கு பேராக இருப்பது அதைவிட முக்கியம். நடந்து போய்க் கோபத்தை ஆற்றிக்கொள்ள அங்கே 1.4 கிலோமீட்டர்தான் இருக்கிறது.

பதிவு செய்யும்போது எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் இவை. எந்தக் கரையிலிருந்து படகு கிளம்பும்? காற்றால் கிளம்ப முடியாமல் போனால் வீணாகும் நாட்களுக்குப் பணம் திரும்புமா? திரும்பும் நாளில் படகு வர முடியாவிட்டால் கூடுதல் நாட்களுக்கு வாடகை உண்டா? படகில் எத்தனை கிலோ சாமான் ஏற்றலாம்? அடுப்பு எரிவாயுவா, மின்சாரமா? மெத்தைவிரிப்பு, போர்வை, துண்டு தருவார்களா? கரையிலிருந்து முகட்டுக்குச் சாமானை ஏற்ற என்ன வசதி? கடைசிக் கேள்வியைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வாரத்துத் தண்ணீரை 90 மீட்டர் ஏற்றத்தில் தோளில் சுமப்பதா வேண்டாமா என்பது அதில் இருக்கிறது.

நான்காம் படி: விசாவும் காப்பீடும்

குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் வட்டாரத்தில் சேர்ந்தது; யூரோவும் அன்றிலிருந்துதான். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஜெர்மனி, ஃப்ரான்ஸ், ஸ்விட்சர்லாந்து, நார்வே போன்ற ஷெங்கன் நாடுகளில் குடியிருப்பு அனுமதியோடு வாழ்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. பிரிட்டனில் வாழும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் முன்பு. கோடைக்காலத்துக்கு நேர்காணல் நாள் கிடைப்பதே பாடு, எனவே மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். விசாவில் 'தங்கும் நாட்கள்' என்று ஓர் எண் இருக்கும். நீங்கள் கொடுக்கும் பயணத் திட்டத்தை ஒட்டித்தான் அதைப் பெரும்பாலும் போடுவார்கள். தீவில் ஏழு நாள், முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் என்று இறுக்கமாகத் திட்டம் கொடுத்தால், யூகோ உங்களை மூன்று நாள் பிடித்துவைத்தவுடன் விசா முடிந்துவிடும். ஆகவே தீவுக்கு முன்பு இரண்டு நாள் ஸ்ப்லிட்டிலும் வீஸ் தீவிலும், பின்பு நான்கு நாள் ஸ்ப்லிட்டில் என்று திட்டத்திலேயே எழுதி, ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பதிவு செய்து காட்டுங்கள். கடல் ஒத்துழைத்தால் அந்த நாட்களில் ஸ்ப்லிட்டில் ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனையைச் சுற்றிப் பார்க்கலாம். அதற்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. அது போதாது, கடலிலிருந்தோ தீவிலிருந்தோ மீட்டு வரும் செலவையும் அது ஏற்குமா என்று காப்பீட்டு ஆவணத்தில் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் வேறு காப்பீடு எடுங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீர், அப்புறம் சாப்பாடு

தீவில் ஊற்று கிடையாது. கூரையிலும் முற்றத்திலும் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த மழையும் எவ்வளவு? பலாக்ரூஜாவில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர். சென்னையில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் அந்தத் தொட்டி நீரின் அருமை புரியும். குளிப்பதற்கும் பாத்திரத்துக்கும் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். பாத்திரத்தை முதலில் கடல்நீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். கடலில் குளித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீரில் உப்பைக் கழுவிக்கொள்வது நம்மவர்களுக்குக் கஷ்டமே இல்லை.

குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் கொண்டுபோங்கள். ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர். நான்கு பேர், ஏழு நாள் என்றால் 84 லிட்டர். காற்று பிடித்துவைக்கக்கூடிய மூன்று நாளுக்கும் சேர்த்தால் 120 லிட்டர், அதாவது 120 கிலோ. படகுக்காரரிடம் எடையைக் கேட்கச் சொன்னது இதனால்தான். இந்த உபரியில் கைவைக்காதீர்கள். திரும்பும் படகு கண்ணில் படும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

சாப்பாட்டிலும் அதே கணக்கு: ஏழு நாள் சாமான், மூன்று நாள் உபரி. அரிசி, பருப்பு வகைகள், கொண்டைக்கடலை எல்லாம் ஸ்ப்லிட்டிலுள்ள கொன்சும், டொம்மி போன்ற பல்பொருள் கடைகளில் கிடைக்கும். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், எலுமிச்சை ஒரு வாரம் தாங்கும். கீரை தாங்காது. இந்தியாவிலிருந்து எடுத்துப்போக வேண்டியது சாம்பார் பொடி, ரசப்பொடி, புளி, பெருங்காயம், ஊறுகாய், வறுத்த ரவை, இவ்வளவுதான். எடுத்துப்போகக் கூடாதவை முக்கியம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணிகள் பாலும் இறைச்சியும் சார்ந்த பொருட்களைக் கொண்டுவர முடியாது. நெய், பால் பவுடர், பன்னீர் மூன்றும் விமான நிலையத்தில் குப்பைக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், ஆகவே விட்டுவிடுங்கள். தேங்காய்க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஸ்ப்லிட்டிலேயே வாங்கிக்கொள்ளப் பாருங்கள், சுமை மிச்சம்.

மீன் பிடித்துச் சாப்பிடலாம் என்று நினைப்பீர்கள். நல்ல யோசனைதான், தூண்டில் போடவும் குரோஷியாவில் உரிமச்சீட்டு வாங்க வேண்டும், நாள் கணக்கில் இணையத்திலேயே விற்கிறார்கள். ஆனால் மீனை நம்பிச் சாமானைக் குறைக்காதீர்கள்.

தொலைதூர விளக்கங்கள் பலவற்றிலும்போல இங்கேயும் மின்சாரம் அளவானது. சூரியத் தகடுகளை நம்பி இருக்கும் இடத்தில் மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி, கையடக்க மிக்ஸி எதையும் செருக வேண்டாம். அம்மி கிடைக்காது, ஆகவே பொடியாகவே எடுத்துப்போகச் சொன்னேன்.

ஆறாம் படி: பை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரப் பெட்டி வேண்டாம், தோள்பைதான். அதற்குள் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். பாறையில் வழுக்காத காலணி ஒன்று, கடலுக்குள் இறங்க ரப்பர் அடியுள்ள காலணி ஒன்று, ஏனென்றால் இங்கே மணல் கிடையாது, கூழாங்கல்லும் பாறையும் அவற்றில் ஒட்டியிருக்கும், உடம்பெல்லாம் முள்ளான கடல் முள்ளெலிகளும்தான். ஜூனிலும் இரவுக்கு ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை. அகலமான, கயிறு கட்டிய தொப்பி. தலையில் மாட்டும் விளக்கு, அதில் சிவப்பு வெளிச்சம் இருப்பதாக வாங்குங்கள். இரண்டு முள் ஐரோப்பியச் செருகி, பவர் பேங்க், வரைபடமும் வானிலைப் பக்கமும் இணையமின்றிப் பார்க்கும்படி முன்பே இறக்கிவைத்த கைபேசி. வழக்கமாக எடுக்கும் மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு.

ஏழாம் படி: கரையில் காத்திருப்பதும் கடலைக் கடப்பதும்

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஸ்ப்லிட்டுக்கு நேரடி விமானம் இல்லை. தோஹா, இஸ்தான்புல், ஃப்ராங்க்ஃபர்ட் என்று ஏதோ ஒரு ஊர் வழியாக ஸாக்ரெப் அல்லது ஸ்ப்லிட் போகலாம். ஸாக்ரெப்பிலிருந்து ஸ்ப்லிட்டுக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். படகு எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்து அடுத்த கட்டம். வீஸ் தீவின் கொமிஜா ஊரிலிருந்து என்றால், ஸ்ப்லிட்டிலிருந்து யாத்ரோலினியா கப்பலில் இரண்டரை மணி நேரத்துக்குள் வீஸ் போய், பேருந்தில் தீவின் மறுபக்கம் இறங்க வேண்டும்.

கொமிஜா வழியாகப் போக வாய்த்தால் விடாதீர்கள். அந்த ஊர் மீனவர்கள்தான் பலாக்ரூஜாவை உலகத்தோடு கட்டிவைத்தவர்கள். மத்தி மீன் காலத்தில் தீவின் சிறு கரையில் இடம் பிடிக்க, ஊரே சேர்ந்து 42 கடல் மைல் தூரத்துக்குப் படகுப் போட்டி நடத்தியது. 1593இலேயே அதற்குப் பதிவு இருக்கிறது. கடைசியாக நடந்தது 1936இல். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு. அதற்கென்றே ஃபல்குஷா என்னும் படகு: பாய் விரிக்கும்போது பக்கவாட்டில் பலகைகளைப் பொருத்தி உயரத்தைக் கூட்டுவார்கள், துடுப்புப் போடும்போது கழற்றிவிடுவார்கள். கரை சிறியது, முதலில் வந்தவருக்கே நல்ல இடம். பிந்தி வந்தவர் அந்தப் பருவம் முழுக்கப் பாறையோரம் அல்லாட வேண்டியதுதான். இன்று வேகப் படகு மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் அந்தத் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே கடந்துவிடுகிறது.

கிளம்பும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே குரோஷிய வானிலை நிறுவனத்தின் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள், தே.ஹா.எம்.ஸெட் (DHMZ) என்ற எழுத்துகளால் அதைக் குறிப்பிடுவார்கள். காற்றின் பலத்தைச் சுழியம் முதல் பன்னிரண்டு வரை எண்ணால் குறிக்கும் போஃபோர்ட் அளவில் சொல்வார்கள். நான்கு வரை பயணம் சுலபம், ஐந்துக்கு மேல் படகுக்காரர் யோசிப்பார். அவர் 'இன்று வேண்டாம்' என்றால் பேரம் பேசாதீர்கள். விமானச் சீட்டைக் காட்டி அவரை அவசரப்படுத்துவது, உங்களோடு சேர்த்து அவர் உயிரையும் பணயம் வைப்பது. சில நேரம் கடல் கடக்கக்கூடியதாக இருந்தும் இறங்க முடியாது, ஏனென்றால் தீவில் ஒதுங்க மறைவான துறை இல்லை. அலை எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு மறுபக்கத்தில்தான் இறங்க முடியும்.

கடல் மயக்கம் வரும் என்று தெரிந்தால், டாக்டர் சொன்ன மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு அதனால் பெரிய பயன் இல்லை. காலையில் வெறும் வயிறும் கூடாது, நிறைய எண்ணெயும் கூடாது. இட்லி இல்லாத ஊரில் ரொட்டியும் வாழைப்பழமும் சரி. படகின் பின்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள்.

எட்டாம் படி: இறங்கியதும்

முதலில் காவலர்களைப் போய்ப் பாருங்கள். 'தோபர் தான்' என்று சொல்லிக் கைகுலுக்கினால் போதும். நன்றி சொல்ல 'ஹ்வாலா'. கடையே இல்லாத இடத்தில் பல நாள் இருப்பவர்களுக்குப் புதிய ரொட்டி, பழம், நல்ல காப்பித்தூள் கொண்டுபோவது பெரிய மரியாதை. அவர்கள் ஹோட்டல் ஊழியர்கள் அல்ல. விளக்கைக் கவனிப்பதோடு வானிலை அளவுகளையும் குறித்து அனுப்புகிறார்கள். 1894இலிருந்து அங்கே வானிலை நிலையம் இருக்கிறது. நீங்கள் ஸ்ப்லிட்டில் பார்த்த முன்னறிவிப்பில் இங்கே எடுத்த அளவுகளுக்கும் பங்கு உண்டு. கோபுரத்தில் ஏற வேண்டுமென்றால் கேளுங்கள். அவர்களுக்கு வேலை இல்லாத நேரத்தில் அழைத்துப் போனால் உங்கள் பாக்கியம், முடியாது என்றால் அதுவே முடிவு. கண்ணாடி வில்லையில் விரல் படக் கூடாது. விரல் எண்ணெயும் உப்பும் ஒளியைக் கெடுக்கும்.

முதல் மாலையே அவர்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் குளிக்கலாம், எந்தப் பாறை உதிரும், அவசரம் என்றால் இரவில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்.

ஒன்பதாம் படி: பகல்கள்

வெயிலை மையமாக வைத்து நாளைப் பிரியுங்கள். விடிந்ததிலிருந்து பத்து மணிவரை நடை, கடல். பிறகு தடித்த கல் சுவருக்குள் சமையல், படிப்பு, தூக்கம். ஐந்துக்குப் பிறகு மறுபடி வெளியே.

நடந்து பார்க்க அந்தச் சின்னத் தீவில் வியப்பூட்டும் அளவுக்கு விஷயம் இருக்கிறது. முகட்டின் சமதளத்தில் அகழாய்வு செய்தவர்களுக்குக் கற்காலக் கருவிகளும், கி.மு. ஆறாம் நூற்றாண்டு முதலான கிரேக்க மண்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. சிலவற்றில் டயோமிடீஸ் என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. டிராய் போரில் சண்டையிட்ட அந்த வீரன் இந்தக் கடலில் ஒரு தீவில் புதைக்கப்பட்டான் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். கடலோடிகள் இங்கே இறங்கி அவனுக்குப் படையல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1177 மார்ச் மாதம் வெனிஸுக்குப் போகும் வழியில் போப் மூன்றாம் அலெக்சாண்டர் இங்கே இறங்கினார். முதல் உலகப் போரில், 1915 ஜூலையில் இத்தாலி தீவைக் கைப்பற்றியது. ஆகஸ்ட் 5 அன்று, தீவை ஒட்டி நின்ற நெரெய்டே என்ற இத்தாலிய நீர்மூழ்கியை ஆஸ்திரியாவின் யூ-5 என்ற நீர்மூழ்கி மூழ்கடித்தது. யூ-5இன் தலைவர் கியோர்க் ஃபொன் ட்ராப், பிற்காலத்தில் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் வழியாக, பாட்டுப் பாடும் குடும்பத்தின் தந்தையாக உலகம் அறிந்துகொண்ட அதே மனிதர். நீங்கள் குளிக்கும் நீலத் தண்ணீரில் இறந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிந்து குளிப்பது நல்லது.

தரையில் பானைத் துண்டு, கற்கருவிச் சில்லு எது கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள். தொல்பொருளை எடுத்துச் செல்வது குற்றம். செடிகளையும் பறிக்க வேண்டாம்; பாறை இடுக்குகளில் ஊதாப் பூ பூக்கும் ஒரு செந்தாவுரியா வகை இந்தத் தீவுக்கூட்டத்துக்கே உரியது. இருண்ட நிறப் பல்லிகள் காலடியில் ஓடும், ஒன்றும் செய்யாது. உணவு மட்டும் போடாதீர்கள்.

நீந்தும்போது தனியாக இறங்கக் கூடாது. உயிர்காப்பாளர் இல்லை, தீவின் முனைகளில் நீரோட்டம் உண்டு. ஒருவர் நீரில் என்றால் ஒருவர் கரையில், அவ்வளவுதான் விதி.

பத்தாம் படி: இரவு

பகலுக்காக யாரும் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். இரவுதான் இந்தப் பயணத்தின் பயன். அமாவாசை வாரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது அதற்காக. நிலவு இல்லாத வானில், ஒளிக்கற்றை கடலின்மேல் சுற்றிப் போவது விளிம்பு தெளியத் தெரியும். அது போனதும் பால்வீதி. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் கேட்டேன். கோபுரத்துக்குப் பின்புறம், சுவர் மறைவில் படுத்துக்கொள்ளுங்கள், விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்.

ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் எத்தனை விநாடி என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனக்கென்று ஓர் இடைவெளி உண்டு. மாலுமி அதை எண்ணித்தான், கடல் வரைபடத்தில் சரிபார்த்து, தான் பார்ப்பது எந்த விளக்கு என்று அறிகிறார். வானம் தெளிவாக இருந்தால் தொடுவானத்தில் வேறு தீவுகளின் விளக்குகளும் தெரியலாம். அவற்றையும் எண்ணி, வரைபடத்தில் எவை என்று கண்டுபிடிக்க முயலுங்கள். எங்கேயோ ஒரு கப்பல் தளத்தில் ஒருவர் இதே விநாடிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஒளி அறைக்குள் வந்து தூக்கத்தைக் கெடுக்குமோ என்று பயப்பட வேண்டாம். கற்றை தலைக்குமேல் தொடுவானத்தை நோக்கிப் போகிறது. தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. நள்ளிரவில் பாறைகளிலிருந்து குழந்தை அழுவதுபோல ஒரு சத்தம் கேட்கும், பிறகு பல குழந்தைகள். அது கடற்பறவை. பகல் முழுக்கக் கடலில் மேய்ந்துவிட்டு இருட்டிய பிறகுதான் கூட்டுக்கு வரும். டயோமிடீஸின் தோழர்கள் பறவைகளாக மாறி அவன் கல்லறையைக் காத்து அழுகிறார்கள் என்று கிரேக்கக் கதை சொல்கிறது. அறிவியல் பெயரிலும் அந்த வீரன் இருக்கிறான்: கலோனெக்ட்ரிஸ் டயோமிடியா. பொந்துகளுக்குள் டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள், பாதையை விட்டு இரவில் பாறைக்குள் நடக்காதீர்கள். வெளிச்சத்துக்குப் பயந்து தாய்ப்பறவை கூட்டை விட்டால் அந்த ஆண்டின் ஒரே முட்டை போய்விடும். ஆண்டுக்கு ஒன்றுதான் இடும்.

உடம்புக்கு முடியாமல் போனால்

முதலில் காவலர்கள். அவர்களிடம் கடல் வானொலி இருக்கிறது. கைபேசியில் சிக்னல் இருந்தால் பொது அவசர எண் 112, கடல் மீட்புக்கு 195. ஆனால் காற்று பலமாக அடித்தால் படகு வராது, ஹெலிகாப்டர் வருவதும் வானிலையைப் பொறுத்தது. ஆகவே சமீபத்தில் இதய நோய், அறுவை சிகிச்சை, கர்ப்பத்தின் பிந்தைய மாதங்கள் என்று ஏதாவது இருந்தால் இந்த ஆண்டு வேண்டாம், தள்ளிப்போடுங்கள். மற்றவர்கள் கட்டுத்துணி, கிருமிநாசினி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வலி மாத்திரை, முள் எடுக்கும் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடல் முள்ளெலியை மிதிப்பதும் வெயிலில் வதங்குவதும்தான் அதிகம் நடப்பவை.

திரும்பும் நாள்

முந்தைய மாலையே மூட்டை கட்டிவிடுங்கள். காற்று மாறப்போகிறது என்று தெரிந்தால் படகுக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பார், காத்திருக்க மாட்டார். நீங்கள் கொண்டுவந்த குப்பை முழுவதும், காய்த்தோலையும் சேர்த்து, உங்களோடு திரும்ப வேண்டும். பிரிக்காத உபரி அரிசி, பருப்பு, தண்ணீரைக் காவலர்களிடம் கேட்டு, வேண்டுமென்றால் விட்டுவிட்டு வாருங்கள். சர்வதேச விமானத்தை ஸ்ப்லிட்டுக்கு வந்துசேரும் நாளிலிருந்து குறைந்தது மூன்று நாள் தள்ளி, தேதி மாற்றக்கூடிய சீட்டாகப் போடுங்கள். படகு வரவில்லையென்றால் முதல் வேலையாகக் காவலரின் உதவியோடு வாடகை முகவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் செய்தி அனுப்பி, அந்தத் தேதியையும் காற்றின் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானச் சீட்டை மாற்றவும், தேவைப்பட்டால் விசா நீட்டிப்பு கேட்கவும் அந்தத் தாள் வேண்டியிருக்கும்.